தேவையற்ற அழைப்பு

சேமியா பாயசத்துக்கு உலர்ந்த பேரீச்சையை முதல் நாளே பாலில் ஊறப்போட்டுவிட வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அன்வரி பேகம். அவர் என்னைப் பார்த்ததே இல்லை. மகள் உம்மே ஹானிக்குப் போனில் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன்.

கைப்பேசியை ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள், லாவண்யா மேடம்? பதிவாகட்டும். விசாரணை அதிகாரி பதிவு செய்யாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சந்தேகப்படுவதற்குத்தானே இத்தனை வருஷம் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

ஷாஹுல் ஹமீதுக்குத் தி. நகரில் சின்னப் பட்டறை. கல்யாண ஷெர்வாணிகளுக்கு ஜரிகை வேலை. நாங்கள் கண்காணித்துவந்த ஒருவன் அவரிடம் துணி தைக்கக் கொடுத்து இரண்டு தடவை போன் செய்தான். அதனால் இவர் எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒட்டுக்கேட்க முறைப்படி உத்தரவு வாங்கினோம். சட்டத்தை மீறி நான் யாருடைய பேச்சையும் கேட்டதில்லை. உத்தரவு கொடுத்தது உள்துறைச் செயலாளர், கேட்டது நான்.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்த மனிதரிடம் ஒன்றுமில்லை என்று. மத்தியானம் மனைவி அன்வரி கூப்பிடுவார். "இன்னாங்க, சாப்ட்டீங்களா? டப்பாவை அப்டியே திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா பாருங்க." அவர் சிரிப்பார். அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு நானும் என் தயிர்சாதத்தைப் பிரித்துவைத்துக்கொள்வேன்.

என் மனைவி கோமளம் பெங்களூரில் மகனோடு போய் இருந்துவிட்டாள். மயிலாப்பூர் வீட்டில் நான் மட்டும். எப்போதாவது போன் செய்வாள். ஒருமுறை கேட்டாள், "ஆத்துல யாரோட பேசிண்டிருக்கேள்?" யாருமில்லை என்றேன். அன்றைக்கு அன்வரி கணவரோடு கோபித்துக்கொண்டு பாதியில் வைத்துவிட்டார். அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் என்று சமையலறையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பா அது?

ஒரு உத்தரவை மேலும் மேலும் நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்குமேல் போகக்கூடாது என்பது விதி. நல்ல விதி. இல்லாவிட்டால் வேலியே பயிரை மேய்ந்துவிடும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆறாவது மாதம் முடியப்போன சமயம் ரமலான் கடைசி வாரம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைத்து டாக்டரைக்கூடப் பார்த்தேன்.

அந்த வாரம் ஷாஹுல் ஹமீது பட்டறையில் வேலை பார்க்கும் தௌஃபீக்கிடம் பேசினார். "போன்ல பேரு சொல்லாத. வாசல் பக்கம் போவாத. பின்னாடி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துகினே இரு. யார் குடுத்தான்னு தெரியவே கூடாது, புரிதா?"

அரிசியும் ஒரு புடவையும். பெருநாளுக்கு முன்னால் இல்லாதவர் வீட்டில் அரிசி சேர்ந்துவிட வேண்டும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வாங்குகிறவர் முகம் வாடக்கூடாது, அதற்காக. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆறு மாதம் அந்த வீட்டிலேயே இருந்தவன் போலத்தானே நான்.

மேலே எழுதி அனுப்பினேன். பெயர் மறைத்த ஆட்கள், பின்வாசலில் கைமாறும் பொட்டலங்கள், எதையும் போனில் பேசக்கூடாது என்ற எச்சரிக்கை. ஒரு சொல் பொய்யில்லை. புதுக் காரணம் கிடைத்தால் புது உத்தரவு கிடைக்கும், மத்தியானச் சாப்பாடு தொடரும். நான் நினைத்தது அவ்வளவுதான். மேலிடத்தில் பொறுமையில்லை. பெருநாள் அன்றே வீடு புகுந்து அழைத்துப்போய்விட்டார்கள். ஜாமீன் கிடைக்காத பிரிவு. அன்வரி ஊறப்போட்ட பேரீச்சை என்ன ஆனதோ.

பொட்டலம் யாருக்குப் போனது என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் விட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. கொடுத்துவிட்டுக் காட்டிக்கொடுப்பதா என்றாராம். தௌஃபீக்கும் வாய் திறக்கவில்லை. பிடிவாதம் பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்?

ஆமாம், இன்னொரு அழைப்பு இருந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. "பாய், நீங்கதான் வச்சீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று அழுதார். "நான் இல்லம்மா, வேற யாராச்சும் இருக்கும்" என்றார் ஷாஹுல் ஹமீது.

வழக்குக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு தேவையற்றதை அழிக்க வேண்டும் என்கிறது விதி. தௌஃபீக்கிடம் பேசியது தேவை. அந்தப் பெண் அழுதது தேவையில்லை என்று முடிவு செய்தேன். அழித்தேன். அவர் சிறைக்குப் போன பிறகு, தெரிந்தேதான் செய்தேன்.

பிறகு நானே கேட்டு, சிறைக் கைதிகளின் தொலைபேசிப் பேச்சைக் கவனிக்கும் வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அங்கே உத்தரவு எதுவும் வேண்டாம். பேச்சு கேட்கப்படும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஒளிவுமறைவே இல்லாத வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் ஷாஹுல் ஹமீது அன்வரியோடு பேசுகிறார். "சாப்ட்டீங்களா?" என்றுதான் இப்போதும் ஆரம்பிக்கிறார் அந்த அம்மாள். குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

நொச்சிக்குப்பத்துப் பெண்ணின் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எண்ணும்கூட. நான் அதைச் சொன்னால் ஷாஹுல் ஹமீது இந்த வாரமே வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறீர்கள். அந்தக் குடும்பத்தின்மீது உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம், மேடம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்துவிட்ட மனுஷனோடு எனக்குக் கேட்கிற மாதிரி யாராவது போனில் பேசுவார்களா?