காசிமாயன் அண்ணன் வேனுக்குக் குளிரெடுத்த கதை

அவையோரே, ஓர் அவசரச் செய்தி! இன்று நண்பகல், வெயில் மண்டையைப் பிளந்த வேளையில், நம் வாடிப்பட்டி வேன் ஸ்டாண்டில் ஒரு முள் அசையவில்லை. அயிரை மீன் முள் அல்ல. காசிமாயன் அண்ணன் வேனில் சூட்டைக் காட்டும் முள்!

ஆயுதபூஜை விழாத் தலைவர் ஹரிநாராயணன் ஐயா அவர்களே, அண்டா நிறையச் சுண்டல் கிண்டிய அன்னையரே, அதற்காக மட்டுமே வந்திருக்கும் ஆன்றோரே, பிளஸ் டூ படிக்கும் ஜெயபாண்டியின் பணிவான வணக்கம்!

பூஜை முடித்து வேனைக் கிளப்பினார் அண்ணன். கக்கியது கரும்புகை! ஓயாமல் ஓடியது ஃபேன்! ஆயுதபூஜை அன்று ஸ்பானரைத் தொடும் மெக்கானிக் இந்த மதுரைச் சீமையில் உண்டா? "இன்ஜின் போச்சு மாப்ள" என்று உடைந்தவர், முன்வரிசையில் இருக்கும் புரோக்கர் பால்பாண்டி அண்ணனிடம் விற்கச் சம்மதித்துச் சாவியையும் கொடுத்துவிட்டார்.

பால்பாண்டி அண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க!

இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் தலையை முக்கிக்கொண்டு, கட்டைவிரல் அளவில் காவல் காக்கிறான் ஒருவன். பெயர் சென்சார். தண்ணீர் சுடச்சுட, மின்சாரத்துக்கு வழிவிடுவான். குளிரக்குளிர, வழிமறிப்பான். எம்புட்டு மறிக்கிறான் என்பதை வைத்தே வேனின் கம்ப்யூட்டர் சூட்டை அறியும். குளிரா? கூட்டு பெட்ரோலை! கொதிப்பா? ஓட்டு ஃபேனை!

சென்சாரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரில் தொடர்பு விட்டுப்போனால்? மின்சாரம் அடியோடு மறிக்கப்பட்டதாக நினைக்கும் கம்ப்யூட்டர். வாடிப்பட்டியில் பனி கொட்டுவதாக நம்பிப் பெட்ரோலை ஊற்றும். பிறகு சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓட்டும். கம்பளியும் போர்த்தி விசிறியும் வீசும் மாமியார் மாதிரி!

என்ன தங்கப்பொண்ணு அக்கா? சுண்டல் ஆறுதா? ஆறட்டும், வாரேன்!

கல்யாணமோ, கிடா வெட்டோ, நம்மைச் சுமந்த வேனை விற்கலாமா? நோய் இன்ஜினுக்கா? இல்லை! சென்சாருக்கா? இல்லவே இல்லை! சென்சார் தலையில் செருகும் சாக்கெட்டுக்கு! துடைத்துச் செருகினால் துள்ளி எழும் முள்! ஊரே காணாததைக் கண்டவன் எவன்? இந்த ஜெயபாண்டி!

கைதட்டலுக்கு நன்றி. என்ன காசிமாயன் அண்ணே? "பானெட்டையே தொறக்காம எப்படிடா கண்டுபிடிச்ச?"ன்னு கேக்குறீங்களா?

அது வந்து... காலையில, "ஒரு பார்ட்டு விடாம சந்தனம் வைடா"ன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் பக்தியோட அந்தச் சாக்கெட்டைக் கழட்டி, உள்ளுக்குள்ளயும் வச்சுட்டேன். கொஞ்சம் குங்குமமும்.

அண்ணே, சாவியத் திருப்பி வாங்கிக்கங்க. தொடைக்க நானே வாரேன். கையில இருக்குற செருப்ப மட்டும் கீழ போட்டீங்கன்னா, இப்பவே மேடைய விட்டு இறங்கிருவேன். பொறுமை காத்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்!