பதினான்காவது கோப்பின் பின்பக்கம்

துருப்பிடித்த கிளிப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, மிஸ் லுண்டீன். மெல்லிய தகடு ஒன்றை அடியில் நுழைத்து மெதுவாக நெம்பினால் காகிதம் கிழியாமல் வரும். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ஃபோர்டிலிருந்து நான் அனுப்பிய நாற்பத்தொரு பெட்டிகளில் ஒரு தாள்கூடக் கிழியவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆர்வில் டன்ஸ்மோர் சுண்ணாம்புக் கல்லில் சிற்பம் செதுக்கினார். நான் இருபத்தாறு வருஷம் அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்தேன். ஆரம்பத்தில் நானும் உளி பிடித்தவள்தான். 1952இல் அவர் சிபாரிசோடு சிகாகோவில் ஒரு சிற்பப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். கோடை முழுவதும் தபால்பெட்டியைப் பார்த்துக் கண் பூத்துப்போனது. பதிலே இல்லை. ஆர்வில்தான் தேற்றினார். பீச் பழக் கேக்கை வெட்டி என் தட்டில் வைத்து, "விடு லொரெட்டா, அவனுங்களுக்குக் கண்ணு பொட்டை. நீ இங்கயே இரு, நான் பாத்துக்கறேன்" என்றார். இருந்துவிட்டேன்.

சென்ற ஜூனில் ஒரு காலை, உங்களுக்கு அனுப்ப அவர் காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது, பதினான்காவது கோப்பில் ஒரு கிளிப்பை எடுத்தேன். மேல்தாள் அந்தப் பள்ளி அவருக்கு எழுதியது. மிஸ் கோய்லுக்கு இடம் தந்திருக்கிறோம், தெரிவித்துவிடுங்கள் என்று இருந்தது. மிஸ் கோய்ல் நான்தான். கீழ்த்தாள் அவருடைய பதிலின் நகல். மிஸ் கோய்ல் மனம் மாறிவிட்டார், அவர் கை கல்லுக்கு ஏற்றதல்ல, தட்டச்சுக்கு நல்ல கை. அவர் கடிதங்களில் நான் அடிக்காதது அது ஒன்றுதான். ஒற்றை விரலால் அடித்திருந்தார், நிறையப் பிழைகள்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. நம்பி ஏமாந்தேனே என்று நெஞ்சு காந்தியது, அவ்வளவுதான்.

அவர் மாடியில் படுத்திருந்தார். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைகள் என் மேசையில் இருந்தன. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்ததால், அந்தக் குப்பியை மாடியிலிருந்து எடுத்துவந்து அவற்றின்மேல் பாரமாக வைத்திருந்தேன்.

"லொரெட்டா, மாத்திரைய எங்க வெச்ச?" என்று குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, "காது செவிடாப் போச்சா கிழவி? சீக்கிரம் வாயேன்" என்றார். அப்போதும் விளையாட்டுதான். மூன்றாம் தடவை பெயரை மட்டும் சொன்னார்.

வேலை நடுவில் தடைப்பட்டால் நேரத்தைக் கோப்பின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவைப்பது என் வழக்கம். நீங்கள் பார்த்தது அதைத்தான். 10:20, கூப்பிட்டார். 10:26, கூப்பிட்டார். 10:40, கூப்பிட்டார். 10:55, சத்தமில்லை. கோப்பில் இன்னும் முப்பது தாள்கள் இருந்தன. அவற்றை முடித்தேன். குப்பியைக் கொண்டுபோய் அவர் கட்டிலருகே வைத்தேன். கை கழுவிக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பென்சில்தானேம்மா, அழிச்சிருக்கலாமே? அந்தக் கடிதத்தையாவது எரிச்சிருந்தா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதே?" என்கிறீர்கள்.

அவர் தன் காகிதங்களை என்னை நம்பித்தான் ஒப்படைத்தார், மிஸ் லுண்டீன். அவருக்கு அப்படியொரு துரோகம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.