மேல்புள்ளி

பள்ளிக்கூட ஆய்வகத்தில் என் கைபட்டு ஒரு கண்ணாடிச் சாமான்கூட உடைந்ததில்லை. அதனால்தான் அழுத்தம் அளக்கும் பாதரசக் குழாயை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டபோது தலைமையாசிரியர் உடனே சம்மதித்தார். நான் அதைத் திருடவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சரோஜம்மாள். பெங்களூரில் பி.எஸ்ஸி. படித்தேன். ஓசூரில் விஞ்ஞான டீச்சர். உத்தனப்பள்ளியில் அம்மாவோடும் தங்கை பூவம்மாளோடும் இருக்கிறேன். தங்கையோடு இருந்தேன் என்று சொல்ல வேண்டும். இன்னும் பழகவில்லை.

எனக்குப் பேச்சு வராது. வகுப்பில் பின்வரிசைப் பெண்கள், "டீச்சர், சத்தமா" என்பார்கள். எண்களைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறாமல் வரும்.

போன வருஷம் மாங்காய்க் காலத்தில் பூவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது வலது காலில் உயிர் இல்லை. வலி மட்டும் தெரிந்தது. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. பதினாறு வயதுப் பெண்ணை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போவாள். அம்மாவுக்கே இடுப்பு விட்டுக்கொண்டிருந்தது. "நான் கண்ணை மூடிட்டா இவளை யாருடி தூக்குவாங்க?" என்று என்னைக் கேட்பாள். என் உடம்பைப் பார்க்கிறீர்கள் அல்லவா. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும்.

பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு வருவார். முழங்கால் நிமிர்ந்தால் இரும்புச் சட்டம் மாட்டலாம், சட்டம் மாட்டினால் நடப்பாள் என்றார். தினமும் வெந்நீர்த் துணி சுற்றி, தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டச் சொன்னார். "இழுப்பு நன்றாகத் தெரிய வேண்டும். தாங்க முடியாத வலி வருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும்."

எவ்வளவு முன்னால் என்று அவர் சொல்லவில்லை.

பூவைக் கேட்டுப் பார்த்தேன்.

"எவ்ளோ இழுக்குது?"

"கொஞ்சூண்டு."

"நேத்தைவிட அதிகமா?"

"நேத்து வலிச்சது யாருக்குக்கா ஞாபகம் இருக்கு? பரீட்சை வெக்கறதுன்னா உன் பள்ளிக்கூடத்துல வெச்சுக்க."

சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற ஆசையில் சில நாள் வலியை மறைப்பாள். சில நாள் நான் துணியைப் பிழியும்போதே கத்துவாள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஆகவே ஒரு கருவி செய்தேன். சைக்கிள் கடையில் ஹாரனின் ரப்பர் பந்து ஒன்று வாங்கி, குழல் வழியாகப் பாதரசக் குழாயில் இணைத்தேன். நான் காலை நீட்டுவேன். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பலமாக அவள் பந்தை அழுத்த வேண்டும். பாதரசம் ஏறும். பொய் சொல்ல வாய்க்குத் தெரியும், கைக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

முதல் நாள் பூவுக்கு ஒரே சிரிப்பு. "பாம் பாம்! தள்ளு தள்ளு, ராயக்கோட்டை பஸ் வருது!" அம்மாவைப் பார்த்து, "அக்காளைக் கட்டிக்கிறவன் பாவம். தலைவலின்னு சொன்னாக்கூட, எங்க அழுத்திக் காட்டுன்னு கேப்பா" என்றாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

தொடக்கத்தில் முழங்கால் கொஞ்சம் இளகியது. பிறகு நின்றுவிட்டது. சட்டத்துக்கு அது போதாது. பூ சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தாள். எங்களுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

பாதரசமும் நிலையாக இல்லை. ஒரே நீட்டலுக்கு ஒரு நாள் மூன்று அங்குலம், மறுநாள் ஆறு. தவறு எங்கே என்று யோசித்தேன். வெப்பமானி செய்கிறவர்கள் அதை முதலில் பனிக்கட்டியில் வைக்கிறார்கள், பிறகு கொதிக்கும் தண்ணீரில் வைக்கிறார்கள். இரண்டு புள்ளிகளும் கிடைத்த பிறகுதான் நடுவில் கோடு போட முடியும். என்னிடம் கீழ்ப்புள்ளி இருந்தது. கால் சும்மா கிடக்கும்போது பாதரசம் நிற்கும் இடம் அது. மேல்புள்ளி இல்லை. இதற்குமேல் வலிக்கவே முடியாது என்கிற இடம் எது என்று தெரியாமல், அதற்கு முன்னால் எப்படி நிறுத்துவது?

ஒருமுறை மட்டும் அதைத் தொட்டுவிட்டால் போதும். அதன்பிறகு அவளுக்கு அநாவசியமாக வலிக்காது.

அம்மா சந்தைக்குப் போன நாள். பூவைக் குப்புறப் படுக்க வைத்து, தொடையைப் புடவைத் துணியால் கட்டிலோடு கட்டினேன். "எதுக்குக்கா கட்டுறே? அம்மா வந்துடட்டும்" என்றாள். அசைந்தால் அளவு பிசகும் என்று விளக்கினேன். அவள் பந்தை வலது கையில் வாங்கிக்கொண்டாள். அவளே வாங்கிக்கொண்டாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கைகளுக்குப் பலம் போதாது. அதனால் அவள் கணுக்காலின்மேல் என் முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பாதரசம் ஏறியது. இதுவரை போகாத உயரத்துக்குப் போனது. கத்தினாள். "வாயால சொல்லாத, கையால சொல்லு" என்றேன். போதும் என்றாள். பிறகு சாக்கு என்றாள், சாலு என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கன்னடமும் தெலுங்கும் தெரியும். தெரிந்த மூன்று பாஷையிலும் போதும் என்று சொன்னாள். ஆனால் பாதரசம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவது நின்றால்தானே அது நிலைப்புள்ளி.

அவள் முகத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பாதரச மட்டத்தைப் படிக்கும்போது கண் அதற்கு நேராக இருக்க வேண்டும். முகம் வேறு பக்கம் இருந்தது.

சத்தம் கேட்டது. காய்ந்த மாங்கிளை முறிவது போல இருந்தது. பந்து தரையில் விழுந்தது.

நடக்காத காலின் எலும்பு மெலிந்துவிடும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முறிந்த எலும்பிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து நெஞ்சை அடைத்துவிட்டதாம். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தவள் என்னைப் பார்த்ததும் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்று மாலையே போய்விட்டாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரம் நான் தனியாகக் கிருஷ்ணகிரி போய் டாக்டரைப் பார்த்தேன். இனிமேல் வீட்டில் நீட்ட வேண்டாம் என்றார். அடுத்த முறை கூட்டி வா, மயக்க மருந்து கொடுத்து நாங்களே சிறிய அறுவை செய்து நிமிர்த்துகிறோம், மாவுக்கட்டு பிரித்ததும் சட்டம் மாட்டிவிடலாம் என்றார். பூவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றை மட்டும்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மயக்கத்தில் அவளுக்கு வலியே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி தெரியாத காலை வைத்துக்கொண்டு நான் எதை அளப்பது?