எச்சில் விரல் போட்ட கட்டங்கள்

எனக்குச் சுத்தம் முக்கியம் சார். உங்கள் மேசையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் கையை வைத்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. என் அலுவலகத்திலேயே வேலை பார்த்தான். நகத்தைக் கடித்து மேசை ஓரத்தில் வரிசையாக வைப்பான். டீயில் நனைத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, விரலை நக்கி, அதே விரலால் என் கீபோர்டைத் தொடுவான். அவன் நகர்ந்ததும் ஒவ்வொரு விசையாகத் துடைப்பேன். மனைவிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருள் கட்டுவதில் என் பெயரால் வழங்கும் முறை ஒன்று உண்டு. பெரிய மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை அதைக் கைகழுவிவிட்டு ஓடும்படி கட்டுவது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் புத்தகம் எழுத ஓர் ஆராய்ச்சியாளர் அம்மாள் வந்தார்.

"முதல்ல இது யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

நடந்தது இதுதான். சில வருஷம் முன்னால், கேன்டீன் மேசையில் சிந்திய டீயை அவன் எச்சில் விரலால் இழுத்து, கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினான். மேசையைத் துடைத்து, அந்த யோசனையை நாலு பேர் முன்னால் வைக்கும்படி ஆக்கியவன் நான். அது யாருடையது, நீங்களே சொல்லுங்கள்.

அந்த அம்மாள் வந்துபோன அன்று மாலை சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தபடி வந்தான்.

"அத்தான், அந்தம்மா என்கிட்டயும் பேசணுமாம். கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். கோவம் இல்லையே?"

"இதுல என்னடா கோவம்" என்றேன்.

ஞாயிறு மதியம், சர்வர் அறையில் கோளாறு என்று அவனை வரவழைத்தேன். தீப்பிடித்தால் கரியமில வாயுவைப் பாய்ச்சி, உள்ளே மூச்சுக்காற்றே இல்லாமல் செய்யும் பழைய ஏற்பாடு அங்கே உண்டு. எச்சரிக்கை மணியை முன்பே நிறுத்தியிருந்தேன். அவன் உள்ளே போனதும் வெளியிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

"அத்தான், கதவு மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் இழுங்க" என்றான். நான் இழுத்துக்கொண்டிருப்பதாகவே கடைசிவரை நம்பினான் போலிருக்கிறது. தட்டுவது நின்றபின் கை கழுவப் போனேன்.

மனைவி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். சட்டை ஈரமாகிவிட்டது, மாற்றிக்கொண்டேன்.

பெயருக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். அருவருப்பு, அவ்வளவுதான். அந்த அம்மாளின் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். நான் கைதானதை வேண்டுமானால் போடட்டும். அந்த முறைக்கு என் பெயர் இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.