கல் யானை நிழலில் பிறந்தவள்

எழுபதுகளில் ஒருநாள், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீன்காரப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் பொண்ணு பொறந்ததே அந்தக் கல்லு யானை நெழல்லதான்" என்றாள் மூத்தவள், கோபமாக. "மீன் கூடையோட போறப்ப வலி வந்து, அங்கியே பெத்துட்டேன்."

"தெரியுமே. இப்ப இன்னா ஆச்சி?"

"பொண்ணு கைக்கொழந்தையோட வந்துகீது. அந்த எடத்தைக் காட்ட இட்டுகினு போனேன். அங்க ஒரு கைடு, மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்களுக்குக் கதை சொல்லிகினு கீறான். இங்க முன்னெல்லாம் ஆள் நடமாட்டமே கெடையாதாம், வெறும் மணலாம். அப்ப நாங்கள்லாம் இன்னா, நண்டா?"

"கேக்கறதுதான?"

"கேட்டேன். போட்டோவுல வுழற, தள்ளிப் போம்மான்றான்!"

"அடப்பாவி! போயிட்டியா?"

"நான் போயிருப்பேன். என் பொண்ணு போவல. யானைக்குப் பக்கத்துல குந்திகினு கொழந்தைக்குப் பால் குடுத்தா. 'எங்கம்மா என்னைப் பெத்த எடம் இது. அதையும் சேத்து சொல்லுய்யா'ன்னா."

"சொன்னானா?"

"எங்க சொன்னான்? கொழந்த தூங்கற வரைக்கும் அவன்தான் தள்ளிப் போயி நின்னான்."