சுருளியம்மாளின் கார்டு

நீங்கள் சொல்வது சரிதான் சார், இந்த மலை மழைக்கு இரும்புப் பெட்டி சீக்கிரம் துருப் பிடிக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பேன். எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அது வந்தது எழுபத்துநாலு சித்திரையில். பச்சை நிறம், நான்கு இழுப்பறை.

அதுவரை நோயாளிகளின் விவரங்களெல்லாம் தடிமனான நோட்டுகளில், ஆட்களை வேலை வாங்கிய கங்காணிகளின் பெயர் வாரியாகக் கிடந்தன. அந்தக் கங்காணிகள் செத்தே பல வருஷம் ஆயிற்று. தோட்டத்து ஆட்கள் இன்னமும் செத்தவன் பெயரைச் சொல்லித்தான் மருந்து கேட்பார்கள். அறுநூறு பேரையும் கார்டில் ஏற்றி, அவரவர் பெயரின் முதல் எழுத்துப்படி அடுக்கியவன் நான். மூன்று மாதம், தனியாக. கொழுந்து பறிக்கிற சுருளியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா சின்னமுத்து, எங்களையெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டியாக்கும்?"

மருந்துக்கு நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. நர்ஸ் பிலோமியும்தான். எழுத்து வரிசையை அவருக்குப் பத்து தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன். "மண்டையில நிக்க மாட்டேங்குது தம்பி" என்பார். நிற்காது. இடம் வேண்டுமே.

ஆடியில் சுருளியம்மாளைக் காய்ச்சலோடு, நினைவில்லாமல், கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

"பழனிச்சாமி கங்காணி ஆளு அக்கா, சீக்கிரம் பாருங்க."

பிலோமி 'ப' இழுப்பறையைத் திறந்தார். பழக்கம் பாருங்கள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"காணலையே தம்பி. பெனிசிலின் போடணும். பழைய நோட்டுல இவளுக்கு ஏதும் எழுதியிருந்துச்சா?"

"எல்லாம் பொட்டியிலதான் இருக்குக்கா. முறையாத் தேடுங்க."

மறுபடியும் 'ப'வையே கிளறினார். கார்டு இல்லையென்றால் கோளாறும் இல்லை என்று முடிவுகட்டி ஊசியை ஏற்றினார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பிறகு நான் 'சு'வில் கைவைத்து, ஒரே இழுப்பில் கார்டை எடுத்துக் காட்டினேன். 'பெனிசிலின் ஆகாது.' சிவப்பு மை, என் கையெழுத்து. ஆமாம் சார், ஊசி ஏறும்போதே எனக்குத் தெரியும். சிரித்ததற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிலோமி கடைசிவரை கற்றுக்கொண்டிருக்க மாட்டார். மறுநாளிலிருந்து ஒரு கார்டைக்கூட அவர் தப்பான இடத்தில் தேடவில்லை.

அது இருக்கட்டும். உங்கள் ஸ்டேஷனில் ஃபைலெல்லாம் தரையில் கிடக்கிறதே சார், நானே எழுத்து வரிசையில் அடுக்கித் தரட்டுமா, என்ன நினைக்கிறீர்கள்?