முழுசா ஏத்தி வச்ச பேட்டரி

கிரெஸ்டன்: இங்க பாருங்க மாமா. என் ரிமோட் கார் பேட்டரி எல்லாம் உப்பிப் போச்சு. ஒவ்வொண்ணும் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது.

வெர்னர்: கத்தாத. கேரேஜ் கதவு தொறந்து கெடக்கு. அடுத்த வீட்டுக்காரிக்கு நம்ம பேச்சக் கேக்கறதவிட்டா வேற பொழப்பில்ல.

கிரெஸ்டன்: கேக்கட்டுமே! வீட்ட விட்டுப் போறப்ப எல்லாத்தையும் பாதி சார்ஜ்ல வச்சு, இந்தப் பெட்டியில அடுக்கி, இதே அலமாரில வச்சுட்டுப் போனேன். பாதி! ஓட்டாம சும்மா வைக்கிற பேட்டரிக்குப் பாதிதான் இருக்கணும். இப்ப ஒண்ணுகூட தேறாது மாமா.

வெர்னர்: என்ன மாமா? எம்பொண்ணு மெட்டேவும் நீயும் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சு கிறிஸ்மஸே போயாச்சு. இன்னும் என்ன மாமா நோமா?

கிரெஸ்டன்: வாய் பழகிப் போச்சு. சரி... வெர்னர்...

வெர்னர்: ஓஹோ, பேரச் சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்தாச்சா?

கிரெஸ்டன்: பின்ன என்னன்னுதான் கூப்புடறது?

வெர்னர்: ஒண்ணும் கூப்புட வேணாம். பெட்டியத் தூக்கிக்கிட்டு நடையக் கட்டு. மத்தியானம் மெட்டே சாப்பிட வர்றா. அவளோட அந்த ஆஸ்கெரும் வர்றான். ஓவன்ல பன்னிக்கறி இருக்கு.

கிரெஸ்டன்: அவன்தான் கறியே தொட மாட்டானாமே.

வெர்னர்: தொட மாட்டான். பீட்ரூட்ட மட்டும் தின்னுட்டு, ஏதோ கறிக்கு துக்கம் கொண்டாடுறவன் மாதிரி உக்காந்திருப்பான். போன தடவ இங்க வந்தான். நம்ம ரிமோட் கார எடுத்துக் காட்டினேன். "இதுக்கு பெட்ரோல் எங்க ஊத்தணும்?"ங்கறான்.

கிரெஸ்டன்: நீங்க என்ன சொன்னீங்க?

வெர்னர்: உன் வாயில ஊத்துன்னு சொல்ல வந்தேன். மெட்டே முறைச்சா. விட்டுட்டேன்.

கிரெஸ்டன்: நல்ல ஆளாப் பாத்துதான் புடிச்சிருக்கா.

வெர்னர்: அதுக்கு முன்னாடி புடிச்சது மட்டும் என்ன லட்சணமாம்? காபி இருக்கு. உனக்கில்ல, சும்மா சொல்றேன்.

கிரெஸ்டன்: உங்க காபி எனக்கெதுக்கு? கழுநீரே தேவலாம். நாளைக்குப் பக்கத்தூரு விபோர்க் கிளப்ல எனக்குக் கார் பந்தயம். பேட்டரிய எடுக்கத்தான் வந்தேன்.

வெர்னர்: ஓ, விபோர்க்ல சேந்தாச்சா?

கிரெஸ்டன்: சேந்து ரொம்ப நாளாச்சு. ஞாயித்துக்கிழம ஆனா அங்கதான். நல்ல கிளப்பு. கார் ஓட்டுற தரையில புதுக் கம்பளம் போட்டிருக்காங்க. இங்க உங்க ஸ்கீவே கிளப் மாதிரி பள்ளிக்கூட ஜிம்ல, புள்ளைங்க வேர்வ நாத்தத்துல ஓட்ட வேண்டியதில்ல.

வெர்னர்: அப்ப இவ்வளவு நாளா அங்க எந்தப் பேட்டரில ஓட்டுன?

கிரெஸ்டன்: புதுசு வாங்கினேன்.

வெர்னர்: அப்புறம் இது எதுக்கு?

கிரெஸ்டன்: ...கையிருப்புக்கு. பேச்ச மாத்தாதீங்க. இது என்ன மேசைல?

வெர்னர்: எது?

கிரெஸ்டன்: இது. கார் ஹெட்லைட் பல்பு. ரெண்டு ஒயர வேற பத்தவச்சிருக்கீங்க... அடக் கடவுளே! பல்ப மாட்டி என் பேட்டரில சார்ஜ வடிச்சீங்களா?

வெர்னர்: ஒட்ட வடிச்சுட்டு, அப்புறம் முழுசா ஏத்தணும். அதுதான் முறை. இல்லன்னா பேட்டரி தன் அளவ மறந்து போயிரும். அப்படிச் செஞ்சுதான் நான் ஜில்லா கப்பே வாங்குனேன்.

கிரெஸ்டன்: அது அந்தக் காலத்து நிக்கல் பேட்டரிக்கு! இது லித்தியம்! இத ஒட்ட வடிச்சா செத்துரும், முழுசா ஏத்திப் போட்டு வச்சா உப்பும். எத்தன தடவ தொண்டத்தண்ணி வத்தக் கத்தியிருக்கேன்!

வெர்னர்: கத்துன. நீ கத்தறப்பல்லாம் எனக்குத் தூக்கம் வரும்.

கிரெஸ்டன்: சார்ஜர்ல பாதிக்குக் கொண்டு போறதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வச்சேன். குருடனுக்குக்கூடத் தெரியும்.

வெர்னர்: ஸ்டிக்கர் அசிங்கமா இருந்துச்சு. பிச்சுப் போட்டுட்டேன்.

கிரெஸ்டன்: பிச்சு...! உங்களையெல்லாம் சார்ஜர் பக்கமே விடக்கூடாது. ஒரு நாளு கேரேஜோட எரிஞ்சு போகப் போறீங்க.

வெர்னர்: எரிஞ்சா எனக்கு. உனக்கென்ன வந்துச்சு? நீதான் இப்ப யாரோ ஆச்சே.

கிரெஸ்டன்: இருங்க... இருங்க. இது ஏன் வெதுவெதுன்னு இருக்கு?

வெர்னர்: வெயில்ல இருந்துச்சு.

கிரெஸ்டன்: வெயிலு? ஸ்கீவேல? பிப்ரவரிக் குளிர்ல?

வெர்னர்: ஹீட்டர் பக்கத்துல வச்சிருந்தேன்.

கிரெஸ்டன்: ஹீட்டரா! நான் இருந்த வரைக்கும் இங்க நீங்க ஹீட்டர் போட்டு நான் பாத்ததில்ல. ரெண்டு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு விரலு வெறைக்க உக்காந்திருப்பீங்க. பொய்யாவது ஒழுங்கா சொல்லத் தெரியுதா?

வெர்னர்: பெட்டிய மூடு. போ.

கிரெஸ்டன்: பூந்தொட்டியும் சூடா இருக்கே! பேட்டரி தீப்பிடிச்சா பரவக்கூடாதுன்னு நான் வாங்கிக் குடுத்த மண்தொட்டி. அதுல வச்சு இன்னைக்குக் காலைல ஏத்தியிருக்கீங்க. ஏத்தி, முழு சார்ஜோட என் பெட்டில திருப்பி வச்சிருக்கீங்க.

வெர்னர்: ஏத்துனா என்ன இப்ப? பெரிய போலீசு!

கிரெஸ்டன்: நாளைக்கு ஞாயித்துக்கிழம. ஜிம்ல பந்தயம்... ஓ. புரிஞ்சிருச்சு.

வெர்னர்: என்ன புரிஞ்சுது உனக்கு?

கிரெஸ்டன்: அவனுக்குத்தான?

வெர்னர்: எவனுக்கு?

கிரெஸ்டன்: ஆஸ்கெருக்கு! பெட்ரோல் எங்க ஊத்தணும்னு கேட்டவனுக்கு! ஜிம்ல உங்க பக்கத்துல நான் உக்காந்த எடத்துல அவன உக்கார வச்சாச்சு. போதாததுக்கு என் பேட்டரியவும் தூக்கிக் குடுத்தாச்சு.

வெர்னர்: குடுத்தா என்ன? அவன்தான இப்ப இந்த வீட்டு மாப்பிள்ள.

கிரெஸ்டன்: மாப்பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும்! மெட்டே போனதுக்கு நான் உங்க வாசல்ல வந்து அழுதேனா? இல்லல்ல? தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். ஆனா அந்த ஜிம்மு... அந்த மேசை... அது உங்களுக்கும் எனக்கும் உள்ளது. அதுல அவளுக்கு என்ன வேல? இல்ல, கேக்கறேன். அதயும் சேத்தா எழுதிக் குடுத்தேன் நான்?

வெர்னர்: ஒப்பாரி வைக்காத. கெழவன் நானே கம்முனு இருக்கேன்.

கிரெஸ்டன்: நீங்க ஏன் கம்முனு இருக்க மாட்டீங்க? உங்களுக்குத்தான் ஆள் கெடைச்சுட்டானே. எப்படி ஓட்டுறான்?

வெர்னர்: யாரு?

கிரெஸ்டன்: உங்க புது ஆளு!

வெர்னர்: ம்... நல்லாத்தான் ஓட்டுறான். உன்ன மாதிரி ஒவ்வொரு வளைவுலயும் கவுத்துட்டு, கார நிமித்திவிடுங்கன்னு கூவறதில்ல.

கிரெஸ்டன்: கவுக்காம ஓட்டுறவன் மெதுவா ஓட்டுறான்னு அர்த்தம்.

வெர்னர்: பொறாமையப் பாரு! மொகமெல்லாம் பீட்ரூட்டு.

கிரெஸ்டன்: பொறாமையா? அவன் மேலயா? த்தூ! பந்தயத்துக்கு நடுவுல பேட்டரி மாத்தத் தெரியுமா அவனுக்கு? உங்க கை நடுங்குமே, கார் மூடியப் புடிச்சிருக்கற அந்தச் சின்னக் கொண்டி ஊசிய யாரு புடுங்கிக் குடுக்கறா? அவனா?

வெர்னர்: அதப்பத்தி உனக்கென்ன? நீ உன் விபோர்க்ல புதுக் கம்பளத்துல உருளு போ.

கிரெஸ்டன்: சொல்லுங்க, அவன்தான?

வெர்னர்: அவனும் இல்ல, எவனும் இல்ல. நான் தனியாத்தான் போறேன், தனியாத்தான் ஓட்டுறேன். போதுமா?

கிரெஸ்டன்: புளுகாதீங்க! தனியாப் போற ஆளுக்கு ரெண்டு பெட்டி எதுக்கு?

வெர்னர்: எந்த ரெண்டு பெட்டி?

கிரெஸ்டன்: வாராவாரம் ஜிம் வாசல்ல எறக்குறீங்களே! ஒண்ணு உங்க நீலப் பெட்டி. இன்னொண்ணு, மழையில நனையக்கூடாதுன்னு குப்பைப் பை சுத்தி... அத மட்டும் ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வழுக்குற படியில காலத் தேச்சுத் தேச்சு ஏறுறீங்க. முதுகு ஒடிஞ்சா என்ன ஆகும்? அவன் பெட்டிய அவன் தூக்க மாட்டானா? துரைக்குக் கை வலிக்குமோ?

வெர்னர்: ஞாயித்துக்கிழம ஆனா நீ விபோர்க்லன்னு சொன்ன.

கிரெஸ்டன்: ...ஆமா.

வெர்னர்: அங்கேர்ந்து பாத்தா எங்க ஜிம்மு படிக்கட்டு தெரியுதா?

கிரெஸ்டன்: யாரோ சொன்னாங்க.

வெர்னர்: யாரு?

கிரெஸ்டன்: யாரோ... கிளப்புல...

வெர்னர்: எந்தக் கிளப்புல? வாசல்ல நிக்குதே அந்த சாம்பக் கலர் டப்பாக் காரு, அதுலயா வந்த?

கிரெஸ்டன்: பழைய கார மெட்டே எடுத்துக்கிட்டா. வேற என்ன செய்ய?

வெர்னர்: ஜிம்முக்குப் பின்னாடி சைக்கிள் நிறுத்தற கொட்டாயி ஓரமா, இதே டப்பா நிக்கும். இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும், கண்ணாடி பூராவும் ஆவி. எந்தக் கிறுக்கன்டா இப்படி டீசல எரிக்கிறான்னு திட்டிக்கிட்டேதான் வாராவாரம் உள்ள போறேன்.

கிரெஸ்டன்: இன்ஜின நிறுத்துனா குளிர்ல வெறைச்சுல்ல போவேன்.

வெர்னர்: அப்ப விபோர்க்கு? புதுக் கம்பளம்?

கிரெஸ்டன்: ...யாரோ பேசிக்கிட்டாங்க, அத வச்சு அடிச்சு விட்டேன்.

வெர்னர்: உள்ள வந்து தொலைக்கறதுக்கென்ன?

கிரெஸ்டன்: எப்படி வருவேன்? உள்ள அவன் இருப்பான். ரெண்டு பெட்டியக் கண்ணால பாத்தேன்ல. எறங்கி வந்து, அவன் என் எடத்துல உக்காந்திருக்கறத வேற பாக்கணுமா? சும்மா என்னையே குடையாதீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த ரெண்டாவது பெட்டி யாரோடது?

வெர்னர்: உன் கையில இருக்கே, அதுதான்டா மடப்பயலே! ஒரு ஞாயித்துக்கிழமையாவது எறங்கி உள்ள வந்து ஓட்டித் தொலைச்சிருந்தீன்னா, அதுங்க இப்படி உப்பிப் போயிருக்குமா?